ஓராண்வழியும் கொடிவழி ஆராய்ச்சியும்

அருளிச்செயல் காலக்ஷேபம் கேட்கத் தொடங்கும் எவரும் முதலில் எதிர்கொள்வது பொருளை அன்று, பெயர்களை. பாசுரத்துக்கு முன் தனியன், தனியனுக்கு முன் குருபரம்பரை என்று ஆசார்யர்களின் திருநாமங்களைச் சொன்ன பிறகே நூலுக்குள் இறங்குகிறோம். பலருக்கு இது வணக்கம் செலுத்தும் முறைமையாக மட்டுமே தோன்றுகிறது. விரைவாகச் சொல்லி முடித்துவிட்டுப் பாசுரத்துக்குப் போகலாம் என்ற எண்ணம் இளையவர்களிடம் உண்டு. பெரியவர்களிடமும் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தப் பெயர் வரிசை ஒரு தத்துவ சரித்திரம். எந்தப் பொருள் யாரிடமிருந்து யாருக்கு, எந்த வழியாக வந்தது என்பதை அது சொல்கிறது.

இதனை இப்போது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அயல்நாடுகளில் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களில் தத்துவமோ சமய வரலாறோ பயில்கின்றனர். ஒரு கருத்து எப்போது, எவரிடம், எந்தச் சூழலில் தோன்றியது என்று தேடிச்செல்லும் ஆராய்ச்சி முறை அங்கே அவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது, "சரணாகதி எம்பெருமானாருக்குப் பின் வந்தவர்கள் வளர்த்த கருத்து என்கிறார்களே, மெய்தானா?" என்று கேட்கின்றனர். சினந்து பேசினாலும், கேளாதவர் போல் இருந்தாலும், கேள்வி கேட்டவர் மனத்தில் அப்படியே நிற்கும். அம்முறை இன்னதென்று அறிந்துகொண்டு, அதே வகைக் கேள்விகளை நம் பூர்வாசார்யர்கள் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்று பார்ப்பதே நேரிய வழி.

படிக்கட்டும் கொடியும்

தத்துவ சரித்திரத்தைச் சொல்வதற்கு நம் நாட்டில் நெடுங்காலமாக இரண்டு வழிகள் இருந்துவருகின்றன. ஒன்று, மதங்களைக் கொள்கைப்படி வகுத்து அடுக்கிச் சொல்வது. 14ஆம் நூற்றாண்டில் மாதவாசார்யர் இயற்றிய ஸர்வதர்சன ஸங்க்ரஹம் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. சார்வாகத்தில் தொடங்கி, பௌத்தம், ஆர்ஹதம் என்று ஏறிச்சென்று, பதினாறாவதாக அத்வைதத்தில் முடியும் நூல் அது. நம் தர்சனத்துக்கு அதில் நான்காம் படி. மேல்மாடியில் குடியிருப்பவர் கட்டிய படிக்கட்டு என்பதால் இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. ஸ்வாமி வேதாந்த தேசிகன் அருளிச்செய்த பரமதபங்கமும் மதங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பரிசீலித்து மறுக்கும் நூலே. இவ்வகை நூல்களில் கொள்கையே பெரிதாக நிற்கும். அதைச் சொன்ன ஆளும் காலமும் பெரும்பாலும் பின்னுக்குப் போய்விடும். வாதம் செய்வதற்கு அது போதும்.

மற்றொன்று கொடிவழி. இன்னாரிடமிருந்து இன்னார் கற்றார் என்று வம்சத்தைச் சொல்லிக்கொண்டு போவது. இது வேதத்திலேயே இருக்கிறது. ப்ருஹதாரண்யக உபநிஷத்தில் இரண்டாம், நான்காம், ஆறாம் அத்யாயங்களின் இறுதியில் வம்ச ப்ராஹ்மணம் என்ற பகுதி வருகிறது. ஆசார்யர்களின் பெயர்களே அதன் பொருள். அவற்றுள் கடைசி வம்சத்தில் பௌதிமாஷீபுத்ரர், காத்யாயநீபுத்ரர் என்று தாயின் பெயரால் ஆசார்யர்கள் சுட்டப்படுவது நினைத்து மகிழத்தக்கது. அந்தர்யாமி ப்ராஹ்மணம் போன்ற ஆழ்ந்த பகுதிகளைக் கொண்ட உபநிஷத், அவற்றைக் கற்றுக் காத்தவர்களின் பெயர்களையும் ஓதவேண்டிய வேதமாகவே வைத்துக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம். வம்ச ப்ராஹ்மணம் கீழிருந்து மேலே ஏறுகிறது. அண்மையில் உள்ளவரில் தொடங்கி ஸ்வயம்புவான ப்ரஹ்மத்தில் முடிகிறது. நாம் அநுஸந்திக்கும் வாக்ய குருபரம்பரையும் அப்படியே, தன் ஆசார்யனில் தொடங்கி, எம்பெருமானார், பெரிய நம்பி, ஆளவந்தார் என்று ஏறி, நம்மாழ்வாரையும் சேனை முதலியாரையும் பெரிய பிராட்டியாரையும் கடந்து எம்பெருமானிடம் சென்று சேர்கிறது. கூரத்தாழ்வான் அருளிச்செய்த குருபரம்பரைத் தனியனோ எதிர்த் திசையில் செல்வது. திருமகள் கேள்வனில் தொடங்கி, நாதமுனிகளையும் யாமுனரையும் நடுவில் வைத்து, தன் ஆசார்யனில் வந்து முடிகிறது. மேலிருந்து இறங்கும்போது அருள் வந்த வழி தெரிகிறது. கீழிருந்து ஏறும்போது, "எனக்கு இந்தப் பொருள் எப்படி வந்து சேர்ந்தது?" என்ற விசாரம் நடக்கிறது. இன்றைய ஆராய்ச்சியாளர் செய்வது இந்த இரண்டாவதைப் போன்றது.

மேலைநாட்டிலும் கொடிவழி பழையதே. கி.பி. 3ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் டயோஜெனிஸ் லயர்ஷியஸ், கிரேக்கத் தத்துவ ஞானிகளை அயோனிய வழி, இத்தாலிய வழி என்று இரண்டு சீட பரம்பரைகளாகப் பிரித்து அவர்களது சரித்திரத்தை எழுதினார். இளமையில் அந்த நூலின் மூலங்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர் ஜெர்மானிய அறிஞர் நீட்சே. அவரே 1887இல் ஒழுக்கத்தின் கொடிவழியைப் பற்றி ஒரு நூல் எழுதி, அந்த முறையைத் தலைகீழாகத் திருப்பினார். அதுவரை குலப்பெருமை பேசுவதற்குப் பயன்பட்ட கொடிவழி, அவர் கையில் குலத்தின் இழிவைத் தோண்டும் கருவியாயிற்று. நாம் உயர்ந்ததென்று போற்றும் நன்மை என்னும் கருத்து, வலியோர்மேல் எளியோர் கொண்ட காழ்ப்பிலிருந்து பிறந்தது என்பது அவர் வாதம். அவருக்குப் பின் பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ 1971இல் எழுதிய கட்டுரையில், வேரைத் தேடிச் செல்பவருக்கு ஒரே தூய விதை கிடைப்பதில்லை, பல வேர்களும் பூசல்களும் தற்செயல்களுமே கிடைக்கின்றன என்றார். ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 2002இல் வெளியிட்ட நூலில், கொடிவழியைத் தேடுவது எப்போதும் கருத்தைக் குலைப்பதில்லை, சில கருத்துகள் அத்தேடலால் வலுப்பெறவும் செய்கின்றன என்று காட்டினார்.

நம் பிள்ளைகளின் காதில் பெரும்பாலும் விழுவது நீட்சேயின் குரல். ஆனால் அதே நூலில் நீட்சே சொன்ன எச்சரிக்கை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. ஒன்று தோன்றிய காரணமும், பின்னாளில் அது பயன்படும் நோக்கமும் வெவ்வேறானவை. முன்னதைக் கொண்டு பின்னதை முடிவு செய்யலாகாது என்பது அந்த எச்சரிக்கை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் பரம்பரைக்கு வருவோம்.

விடுபட்ட கண்ணி

கொடிவழியைப் பெருமைக்காக மட்டும் எழுதுபவர் முதலில் செய்வது இடைவெளிகளை நிரப்புவது. சீனத்தில் சான் பௌத்தர்கள், புத்தருக்குப் பின் போதிதர்மர் வரை இருபத்தெட்டு இந்திய ஆசார்யர்களை வரிசைப்படுத்தினர். 1900இல் துன்ஹுவாங் குகையில் கண்டெடுக்கப்பட்ட பழஞ்சுவடிகள் அந்த வரிசைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்ததையும், அவை படிப்படியாக உருப்பெற்றதையும் வெளிக்கொணர்ந்தன. அச்சுவடிகளைக் கொண்டு சீன அறிஞர் ஹு ஷி செய்த ஆராய்ச்சி அங்கே பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

நம் குருபரம்பரையில் நம்மாழ்வாருக்கு அடுத்த கண்ணி நாதமுனிகள். இருவருக்கும் இடையில் நீண்ட காலம் கழிந்தது என்பதை ஸம்ப்ரதாயமும் ஒப்புக்கொள்கிறது, சரித்திர ஆசிரியர்களும் சொல்கின்றனர். எவ்வளவு காலம் என்பதில்தான் வேறுபாடு. இடையில் பத்துப் பெயர்களை வைத்து நிரப்புவது எளிது. நம் பெரியோர்கள் அவ்வாறு செய்யவில்லை. ப்ரபந்தங்கள் வழக்கொழிந்து போயின என்று வெளிப்படையாகவே குருபரம்பரா ப்ரபாவம் சொல்கிறது. காட்டுமன்னார்கோயிலில் தென்னாட்டிலிருந்து வந்தவர்கள் திருக்குடந்தை எம்பெருமானைப் பாடிய ஒரு திருவாய்மொழியை ஸேவிக்க, ஆயிரத்துள் இந்தப் பத்து என்று அதன் முடிவில் வருவதைக் கேட்ட நாதமுனிகள், மற்றவை எங்கே என்று வினவினார். வந்தவர்களுக்குத் தெரியவில்லை. திருக்குருகூருக்கு எழுந்தருளி, மதுரகவிகளின் வழியில் வந்த பராங்குச தாசரிடம் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பெற்று, அதைப் பன்னீராயிரம் உரு அநுஸந்தித்து, ஆழ்வாரையே நேரில் ஸாக்ஷாத்கரித்துப் பெற்றார் என்பது ஐதிஹ்யம்.

யோகத்தில் பெற்றதை ஆராய்ச்சியாளர் ஏற்கமாட்டார். அது அவரவர் நிலைப்பாடு. நாம் கவனிக்கவேண்டியது, கண்ணி அறுந்தது என்பதைப் பரம்பரை தன் வாயாலேயே சொல்லிக்கொள்கிறது என்பதை. பத்தைக் கேட்டு ஆயிரம் உண்டென்று அநுமானித்துத் தேடிப் புறப்பட்டவர் நம் பரம்பரையின் தலைவர். அவரும் ஒரு வகையில் கொடிவழியைத் தேடியவரே.

ஓர் ஆள் வழியா, ஐந்து ஆள் வழியா

நாதமுனிகள் தொடங்கி எம்பெருமானார் வரை ரஹஸ்யார்த்தங்கள் தகுதியைச் சோதித்தே ஒருவரிடமிருந்து ஒருவருக்கு உபதேசிக்கப்பட்டன. ஓராண்வழி என்ற சொல் இதனால் வழங்குகிறது. எம்பெருமானார் அந்த வரம்பை நீக்கி, ஆசையுடையோர்க்கெல்லாம் கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தார் என்பதை உபதேசரத்தினமாலையில் மணவாள மாமுனிகள் போற்றியிருக்கிறார்.

ஓராண்வழி என்றதும் ஒற்றை நூல்போல் ஒரு கோடு நம் மனத்தில் தோன்றுகிறது. தனியனில் ஆளவந்தாருக்குப் பின் பெரிய நம்பி, அவருக்குப் பின் எம்பெருமானார் என்று வருவதும் அதற்கு ஏற்றாற்போலவே உள்ளது. ஆனால் எம்பெருமானார் பொருள் பெற்றது ஐந்து ஆசார்யர்களிடம். பஞ்ச ஸம்ஸ்காரம் பெரிய நம்பியிடம், திருமந்த்ரத்தின் பொருளும் சரம ச்லோகத்தின் பொருளும் திருக்கோட்டியூர் நம்பியிடம், திருவாய்மொழி திருமாலையாண்டானிடம், மேலும் சில அர்த்தங்கள் திருவரங்கப்பெருமாள் அரையரிடம், ஸ்ரீராமாயணம் பெரிய திருமலை நம்பியிடம். ஐவரும் ஆளவந்தாரின் சிஷ்யர்கள். ஆளவந்தார் திருநாடு அலங்கரித்துவிட்டபடியால், எம்பெருமானார் அவரிடம் நேரே ஒன்றும் கேட்டதில்லை. ஆளவந்தார் ஐந்து பாத்திரங்களில் வார்த்து வைத்ததை ஒருவர் ஐந்திலிருந்தும் வாங்கிக்கொண்டார் எனலாம். தனியனில் ஒற்றைக் கோடாகத் தெரிவது உண்மையில் ஒரு வலை. ஆராயப் புகுவோர் கோட்டை மட்டும் பார்த்தால் பாதியை இழப்பர். அடுத்து வரும் நிகழ்ச்சியும் அவர்களுக்கு விளங்காது.

ஒரு பாசுரத்தில் எழுந்த வழக்கு

திருவாய்மொழி இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரத்தை ஆண்டான் எம்பெருமானாருக்குச் சாதித்துக்கொண்டிருந்தார். அப்பாசுரத்தில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்றும் அறியாத பருவத்திலேயே அடிமை செய்வதில் அன்பு பிறக்கும்படி எம்பெருமான் செய்தான் என்பது ஒன்று. அறிவை மறைக்கும் பெரிய மாயையில் வைத்தான் என்பது மற்றொன்று. சொற்கள் இந்த வரிசையிலேயே கிடப்பதால், முன்பு அன்பைக் கொடுத்துப் பின்பு ஸம்ஸாரத்தில் வைத்தாயே என்று ஆழ்வார் இன்னாப்போடு சொல்லுவதாக ஆண்டான் பொருள் உரைத்தார். இது ஆளவந்தாரிடம் அவர் கேட்ட பொருள்.

எம்பெருமானார் இதற்கு இசையவில்லை. அந்தப் பதிகம் முழுவதும் ஆழ்வார் எம்பெருமானோடு கலந்து பெற்ற இனிமையைப் பேசுகிறது. முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் உகப்பின் மிகுதியாக இருக்க, நடுவில் ஒன்று மட்டும் வெறுப்பாவது எப்படி? ஆகவே சொற்களை மாற்றிக் கூட்டி, மாயையில் கிடந்த என்னை அறியாப் பருவத்திலேயே அடிமையில் அன்புடையவனாக்கினாயே என்று நன்றியாகப் பொருள் கொள்ளவேண்டும் என்றார். ஆண்டான், "இது விச்வாமித்ர ஸ்ருஷ்டி, ஆளவந்தாரிடம் நாம் கேட்டதில்லை" என்று கூறிப் பாடத்தை நிறுத்திவிட்டார்.

அச்சொல்லின் கூர்மையைப் பார்க்கவேண்டும். விச்வாமித்ரர் போட்டியாகப் புதிய உலகம் ஒன்றைப் படைக்கப் புகுந்ததுபோல், பரம்பரையில் இல்லாத பொருளை நீர் படைக்கிறீர் என்பது குற்றச்சாட்டு. ஆண்டான் நின்ற இடம் கேள்வி, அதாவது ஆசார்யன் வாயிலாகக் கேட்டது. எம்பெருமானார் நின்ற இடம் ப்ரகரணம், அதாவது பாசுரம் அமைந்துள்ள சூழல். ஒரு பொருளுக்கு எது ஆதாரம்? அது வந்த வழியா, மூலத்தோடு அது பொருந்தும் பொருத்தமா? இன்றைய தத்துவ சரித்திர ஆசிரியர்கள் புத்தகம் புத்தகமாக எழுதி விவாதிப்பது இந்தக் கேள்வியைத்தான்.

செய்தி கேட்ட திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளி, எம்பெருமானார் சொன்ன பொருளையும் ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்றார். ஸாந்தீபனி கண்ணனுக்குக் கற்பித்தாற்போல் நீர் இவருக்குக் கற்பிக்கிறீர் என்று ஆண்டானுக்கு உணர்த்திப் பாடத்தை மறுபடி நடத்துவித்தார். அதற்குப் பின்னும் வேறோர் இடத்தில் மாறுபாடு எழ, ஆளவந்தாரைக் கண்டிராத உமக்கு அவர் கருத்து எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு, ஆளவந்தாருக்குத் தாம் ஏகலவ்யன் என்று எம்பெருமானார் விடை சொன்னதாகவும் வழங்குகிறது.

நீட்சேயின் வழியில் வருபவர் இங்கே ஐயுறுவார். நம்பியின் சாட்சி, புதிய பொருளுக்குப் பழைய பெயரைச் சூட்டும் ஏற்பாடுதானே என்று கேட்பார். கேட்கத்தக்க கேள்வியே. அவ்வாறு மறைப்பதே நோக்கமாக இருந்திருந்தால், முதலில் எழுந்த வழக்கையும் விச்வாமித்ர ஸ்ருஷ்டி என்ற கடுஞ்சொல்லையும் பரம்பரை காத்துவைத்திருக்க வேண்டியதில்லை என்பது நம் விடை. எம்பெருமானாரின் ஏற்றத்தைக் காட்டவும் இந்த நிகழ்ச்சி பயன்படுகிறது என்பதால், இந்த விடை வழக்கை முற்ற முடித்துவிடாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவைக்கிறோம். ஆனால் ஒன்றில் நமக்கு ஐயமில்லை. நம்பிள்ளையின் ஈட்டில் இந்தப் பாசுரத்தின் வ்யாக்யானத்தில் ஆண்டான் நிர்வாகமும் இருக்கிறது, எம்பெருமானார் நிர்வாகமும் இருக்கிறது. வென்ற பொருளை வைத்துக்கொண்டு மற்றதைத் துடைத்துவிடவில்லை. ஈடு முழுவதுமே இப்படித்தான். ஆளவந்தார் இப்படி, எம்பார் இப்படி, பட்டர் இப்படி, நஞ்சீயர் இப்படி என்று ஒரே சொற்றொடருக்குப் பல நிர்வாகங்கள் சொன்னவரின் பெயரோடு நிற்கின்றன. கருத்துகளின் கொடிவழியைக் காட்ட இதைவிடத் தெளிவான ஏடு வேண்டுமா என்று தோன்றுகிறது. சுருக்கப் பதிப்புகள் வெளியிடுவோர் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பெயர்களை நீக்கி, பூர்வர்கள் கருத்து என்று பொதுவாக எழுதிவிடுகின்றனர். அது வேண்டாம் என்பது நம் விண்ணப்பம். பெயர் போனால் வழக்கும் போய்விடும்; வழக்கு போனால் பொருள் சோதிக்கப்பட்டது என்பதற்கான அடையாளமும் போய்விடும்.

காவிரியில் போன சுவடி

நஞ்சீயர் தாம் எழுதிய ஒன்பதினாயிரப்படி வ்யாக்யானத்தை அழகிய எழுத்தில் படியெடுக்கச் சொல்லி நம்பூர் வரதராஜரிடம் கொடுத்தார். அவர் தம் ஊருக்குப் போகையில் காவிரியை நீந்திக் கடக்கும்போது சுவடி வெள்ளத்தில் போய்விட்டது. ஆசார்யனிடம் கேட்டதை நினைவில் கொண்டு அவரே முழுவதையும் எழுதினார். தமிழில் வல்லவராதலால் சில இடங்களில் விசேஷார்த்தங்களும் சேர்ந்தன. நஞ்சீயர் பார்த்து வேறுபாட்டைக் கண்டுகொண்டு, நடந்ததைக் கேட்டறிந்து, இவர் நம் பிள்ளை என்று உகந்து அணைத்துக்கொண்டார். நம்பிள்ளை என்ற திருநாமம் வந்த வரலாறு இது.

இந்த ஐதிஹ்யப்படி, நஞ்சீயருடையது என்று நாம் ஓதும் நூல் அவர் சிஷ்யர் திரும்ப எழுதியது. சுவடி ஆராய்ச்சியாளருக்கு இது நடுக்கம் தரும் செய்தி. எது ஆசார்யன் சொல், எது சிஷ்யன் சேர்த்தது என்று பிரிக்க இன்று வழியில்லை. ஆனால் நஞ்சீயர் அதைப் படித்தார், வேறுபாட்டை உணர்ந்தார், ஏற்றார். மாற்றம் நேர்ந்ததும், மாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்ததும் ஒருங்கே சொல்லப்பட்டுள்ளன. நம்பிள்ளை சாதித்ததை வடக்குத் திருவீதிப் பிள்ளை பட்டோலை கொண்டது ஈடு. நடாதூர் அம்மாள் சாதித்த ஸ்ரீபாஷ்யப் பொருளை ஸுதர்சன ஸூரி எழுதிவைத்தது ச்ருதப்ரகாசிகை. கேட்டவர் எழுதுவது நம்மவர்களின் பொதுவழக்கம் என்பது இதனால் தெரியும். ஈடு பின்பு ஈயுண்ணி மாதவர், அவர் குமாரர் பத்மநாபர், நாலூர்ப் பிள்ளை, நாலூராச்சான் பிள்ளை வழியாகத் திருவாய்மொழிப் பிள்ளையையும் மணவாள மாமுனிகளையும் அடைந்தது.

கத்யத்தைப் பற்றிய கேள்வி

இனி முதலில் சொன்ன கேள்விக்கு வருவோம். ஸ்ரீபாஷ்யத்தில் பக்தியே உபாயமாக விரித்துப் பேசப்படுகிறது. சரணாகதியைத் தனி உபாயமாக எடுத்து நிறுவும் இடம் அதில் இல்லை. சரணாகதி கத்யத்தில் அதுவே உயிராக நிற்கிறது. இந்த வேறுபாட்டைக் காரணம் காட்டி, கத்யத்ரயம் எம்பெருமானார் அருளியதன்று என்று 1976இல் ராபர்ட் லெஸ்டர் என்ற அறிஞர் எழுதினார். அதற்கு முன்பே 1974இல் எம்பெருமானாரின் ஸித்தாந்தத்தைப் பற்றி விரிவான நூல் வெளியிட்ட ஜான் கார்மன் கத்யங்களை அவருடையனவாகவே கொண்டார். ஆகவே மேலைநாட்டு அறிஞர் எல்லோரும் மறுக்கின்றனர் என்று பிள்ளைகள் நினைத்தால் அது சரியன்று.

கொடிவழி முறையையே இங்கே பயன்படுத்திப் பார்ப்போம். எம்பெருமானாருக்குப் பின் பரம்பரை இரண்டு கிளைகளாகச் செல்கிறது. ஒன்று எம்பார், பட்டர், நஞ்சீயர், நம்பிள்ளை, பெரியவாச்சான் பிள்ளை என்று போவது. மற்றொன்று ஸ்ரீபாஷ்ய வழியாகத் திருக்குருகைப்பிரான் பிள்ளான், எங்களாழ்வான், நடாதூர் அம்மாள், அப்புள்ளார், ஸ்வாமி தேசிகன் என்று வருவது. பின்னாளில் எத்தனையோ செய்திகளில் இந்த இரண்டு கிளைகளும் மாறுபட்டன. சரணாகதியின் தன்மையிலேயே மாறுபட்டன. அப்படியிருந்தும் பெரியவாச்சான் பிள்ளையும் கத்யத்துக்கு வ்யாக்யானம் அருளினார், ஸ்வாமி தேசிகனும் அருளினார். இருவரும் அதை எம்பெருமானாருடையதாகவே கொண்டனர். பிரிந்த இரண்டு கிளைகளிலும் ஒன்றாகக் காணப்படுவது, கிளை பிரிவதற்கு முன் அடிமரத்தில் இருந்ததென்று கொள்வது சுவடிகளை ஒப்பிடுவோர் கையாளும் விதி. இரண்டு கிளைகளுக்கும் போக்குவரத்து இருந்ததே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போயிருக்கலாமே என்று எதிர்வாதம் எழும். உண்மைதான், திருவரங்கமும் காஞ்சியும் ஒன்றையொன்று அறியாத ஊர்கள் அல்ல. அதனால் இந்தச் சான்று வலுவானது என்று சொல்லலாமே தவிர, தனியாக நின்று முடிவுகட்டும் என்று சொல்வதற்கில்லை.

இதனோடு வேறொன்றைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆளவந்தாரின் ஸ்தோத்ர ரத்னத்தில், தர்மத்தில் நிலையோ ஞானமோ பக்தியோ தமக்கில்லை என்று கூறித் திருவடிகளையே அவர் புகலாகப் பற்றுகிறார். எம்பெருமானாரின் நேர்ச் சிஷ்யரான கூரத்தாழ்வானின் ஸ்தவங்களிலும் சரணம் புகும் நிலை தெளிவாகப் பேசப்படுகிறது. பாட்டனாரிடமும் பேரனிடமும் உள்ள முகச்சாயல் நடுவில் உள்ள தந்தையிடம் மட்டும் இல்லை என்று சொல்பவர், அதற்குத் தக்க காரணம் காட்டவேண்டும். ஸ்ரீபாஷ்யத்தில் இல்லாமைக்கு ஸம்ப்ரதாயம் காட்டும் காரணம் எளியது. ப்ரஹ்மஸூத்ரங்களுக்குப் பொருள் சொல்லிப் பிற மதத்தாரோடு வாதிடும் நூல் ஸ்ரீபாஷ்யம். கத்யமோ பங்குனி உத்திரத்தன்று திருவரங்கத்தில் சேர்த்தியில் எழுந்தருளியிருந்த பெரிய பிராட்டியாரையும் நம்பெருமாளையும் நோக்கி விண்ணப்பம் செய்தது. நீதிமன்றத்தில் பேசும் ஒருவர் தாயிடம் பேசும்போதும் அதே சொற்களையா பேசுவார்?

இந்தத் தேடலால் கிடைப்பது இவ்வளவே. கத்யம் எம்பெருமானாருடையது என்று கொள்வதற்குத் தக்க காரணங்கள் உள்ளன என்பதை அது காட்டும். சரணாகதி பலிக்கும் என்பதைக் காட்டாது. அதற்குரிய ப்ரமாணங்கள் வேறு. அதேபோல், ஒரு கருத்து படிப்படியாக விளக்கம் பெற்றது என்று யாரேனும் காட்டினாலும், அது பொய் என்று ஆகிவிடாது. ஆண்டானும் எம்பெருமானாரும் ஒரே பாசுரத்தில் மாறுபட்டபோது பாசுரத்துக்குக் குறைவு ஒன்றும் வரவில்லை.

கேள்வியோடு வரும் பிள்ளைக்கு முதலில் ஸ்தோத்ர ரத்னத்தைக் கொடுக்கலாம். பின்பு கத்யம், அதன்பின் வரதராஜஸ்தவம் என்று இந்த வரிசையில் படிக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் சரணம் புகும் இடங்களைத் தாமே குறித்துக்கொண்டு வரச் சொல்லலாம். பெரியவாச்சான் பிள்ளை வ்யாக்யானத்தையும் தேசிகன் பாஷ்யத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருவரும் எங்கே ஒன்றாகச் செல்கின்றனர், எங்கே பிரிகின்றனர் என்று பார்ப்பது அடுத்த பாடம்.